ஸகாத் பட்டியலும் ஒரு கமாவும்

(இரும்பையில் நடைபெற்ற ரமளான் முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைக்குப் பேசப்போவது கமாவைப் பற்றி என்று சொன்னதும் வாசலிலேயே ஒருவர், "ஸகாத் கூட்டத்தில் இலக்கண வகுப்பா பாய்?" என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம். ஆனால் சென்ற ரமளானில் நம் ஸகாத் நிதியிலிருந்து 11 வீடுகளுக்குப் போக வேண்டிய பணம் போகாமல் நின்றதற்குக் காரணம் கமாதான். அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவானது. பணம் கொடுத்தவர்கள் நீங்கள். வாங்க வேண்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆகவே முதலில் நடந்ததைச் சொல்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. விழுப்புரம் மாவட்டக் குடும்ப அட்டைகளுக்கு அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. அது வந்தது, செலவானது. ஆனால் தையிலும் மாசியிலும் பாத்தி சீர்செய்து கூலி பார்க்கிற குடும்பங்களுக்கு அந்த ஆண்டு வேலை தள்ளிப்போனது. எனவே 2025 மார்ச்சில் ரமளான் வந்தபோது நம் பட்டியல் வழக்கத்தைவிட நீண்டது. 214 குடும்பங்கள், குடும்பத்துக்கு 3,500 ரூபாய், மொத்தம் 7,49,000 ரூபாய்.

முன்பெல்லாம் ரொக்கமாகத்தான் கொடுத்தோம். அஸருக்குப் பிறகு வரிசை நிற்கும். யாராவது ஒரு தம்பி கைப்பேசியில் படம் எடுப்பார். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். வரிசையில் நின்ற ஒரு தாய் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டதைப் பார்த்த அன்றே இதை மாற்ற வேண்டும் என்று பேசினோம். வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் யாருக்கும் தெரியாது, யாரும் வெயிலில் நிற்க வேண்டாம். இன்றும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறோம். "பழையபடி கையிலேயே கொடுத்துவிடலாமே" என்று இப்போது சொல்பவர்களுக்கும் எங்கள் பதில் இதுதான்.

பட்டியல் ஊர் ஊராக வந்தது. சில தொண்டர்கள் எக்செல்லில் தட்டினார்கள். சிலரிடம் கைப்பேசி மட்டும். அவர்களிடம், "வரிசை எண், பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், முகவரி, கைப்பேசி, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை, இந்த எட்டையும் நடுவில் கமா போட்டு ஒரே வரியில் அனுப்புங்கள்" என்று சொன்னது நாங்கள்தான். இதைத்தான் சிஎஸ்வி கோப்பு என்கிறார்கள். கமாவால் பிரித்த மதிப்புகள், அவ்வளவுதான். உள்ளே கோடு இல்லை, கட்டம் இல்லை, நிறம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. ஒரு விவரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கமா. எந்தக் கணினியிலும் திறக்கும், எந்த மென்பொருளும் வாங்கிக்கொள்ளும். பல வங்கிகள் மொத்தமாகப் பணம் அனுப்ப இந்த வடிவத்தைக் கேட்பதும் அதனால்தான்.

நம் தொண்டர்களில் ஒரு சகோதரி, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு தெருவின் 11 வீடுகளை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அவர் எழுதிய முகவரி மட்டும் ஒழுங்கான முகவரி: கதவு எண், கமா, தெருவின் பெயர், கமா, ஊர். மற்றவர்கள் அவசரத்தில் கமா இல்லாமல் "12 பள்ளிவாசல் தெரு" என்று விட்டிருந்தார்கள். சுருக்கிக் காட்டுகிறோம், இரண்டு வரியையும் பாருங்கள்:

37,இன்னார்,12 பள்ளிவாசல் தெரு,3500
38,இன்னார்,4, பள்ளிவாசல் தெரு, மேற்கு,3500

முதல் வரியில் மூன்று கமா, நான்கு விவரம். இரண்டாவதில் ஐந்து கமா. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கோப்பைப் படிக்கிற நிரலுக்கு இரண்டாவது வரியில் ஆறு விவரம் இருக்கிறது. எது முகவரிக்குள் இருக்கும் கமா, எது விவரங்களைப் பிரிக்கும் கமா என்று அதற்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

இந்தக் கோப்புகளையெல்லாம் ஒன்றாக்கி வங்கிக்கு ஏற்றபடி மாற்ற, கல்லூரியில் படிக்கும் நம் தம்பி ஒருவர் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதித் தந்திருந்தார். அதில் அவர் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு, எண்ணிக்கை மீறிய வரியைக் கண்டால் இயல்பில் நின்றுவிடும். "இந்த வரியில் இத்தனை விவரம் எதிர்பார்த்தேன், அதிகம் இருக்கிறது" என்று பிழை காட்டும். அதற்கு முந்தைய ஆண்டு யாரோ ஒருவர் கோப்பின் கடைசியில் தாறுமாறாக இரண்டு வரி விட்டிருந்தார். நிரல் நின்றது. இஷாவுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், "பிழையான வரிகளைத் தவிர்த்துவிட்டு மேலே போ" என்று அமைப்பை மாற்றினோம். வேலை முடிந்தது. அந்த அமைப்பைத் திருப்பி வைக்க எவருக்கும் நினைவில்லை. நிரல் வாயைத் திறந்தது. அதன் வாயை அடைத்தது நாங்கள். தம்பியைக் குறை சொல்லக் கூடாது, மாற்றச் சொன்னது செயலாளர்தான்.

ஆகவே மார்ச்சில் 11 வரிகளும் சத்தமில்லாமல் கழன்றன. 203 வரி வங்கிக்குப் போனது. திரையில் "வெற்றி" என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பெருநாள் முடிந்து ஷவ்வாலில் கணக்கு பார்த்தபோது ஸகாத் கணக்கில் 38,500 ரூபாய் மீதி இருந்தது. "பரவாயில்லையே, மிச்சம் இருக்கிறதே" என்று ஒருவர் மகிழ்ந்தார். பொருளாளர்தான் தாளில் 38,500-ஐ 3,500-ஆல் வகுத்துப் பார்த்தார். மீதியில்லாமல் 11 வந்தது. அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அன்று மாலையே அந்தத் தெருவுக்குப் போனோம். ஒரு மாதத்தில் அந்த 11 வீட்டில் ஒரு வீடுகூட எங்களிடம் வந்து கேட்கவில்லை, போன் செய்யவில்லை. கணவர் இறந்த ஒரு தாயிடம், "ஏன்மா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டோம். "இல்ல தம்பி, இந்த வருஷம் எங்களவிடக் கஷ்டப்படறவங்க இருந்திருப்பாங்க, அவங்களுக்குக் கொடுத்திருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார். இன்னொரு வீட்டில், தங்கள் பெயரை யாரோ சொல்லி அடித்துவிட்டதாகவே நம்பியிருந்தார்கள். யார் என்றும் ஒருவரை மனதில் வைத்திருந்தார்கள்; அந்த மனிதருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பார்த்தீர்களா, பணம் தாமதமானது மட்டும் அல்ல. எழுதிக்கொண்டு போன ஆசிரியைச் சகோதரி மீதும் வருத்தம். உள்ளதிலேயே ஒழுங்காக எழுதியவர் அவர்.

பணத்தை மறுநாளே கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். ஹஜ்ரத் அவர்களிடம் விளக்கம் கேட்டபோது, நாம் ஸகாத் கொடுப்பவரின் வகீல் என்றும், உரியவர் கையில் சேரும்வரை அந்தப் பொறுப்பு நம் கழுத்தில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். வங்கித் திரையில் வெற்றி என்று வந்தால் பொறுப்பு இறங்கிவிடாது.

இது நம்மைப் போன்ற சிறிய அமைப்புக்கு மட்டும் நேர்ந்ததா என்றால் இல்லை. 2020-இல் கொரோனா நேரத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்புக்கு ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை இதே சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. அவற்றை அவர்கள் எக்செல்லின் பழைய வகைக் கோப்பில் ஏற்றினார்கள். அந்தப் பழைய வகை 65,536 வரிக்கு மேல் தாங்காது. மேலே உள்ளது வெட்டுப்பட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் வரவில்லை. நோயாளிக்கு முடிவு போய்விட்டது. ஆனால் அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பெயர் நேரத்துக்குப் போகவில்லை. அங்கேயும் இதே கதைதான்: வரிகள் சத்தமில்லாமல் விழுந்தன.

சரி, கமாவுக்கு என்ன மருந்து? இருக்கிறது, பழைய மருந்துதான். விவரத்துக்குள் கமா வந்தால் அந்த விவரத்தை முழுதும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும்:

38,இன்னார்,"4, பள்ளிவாசல் தெரு, மேற்கு",3500

மேற்கோள் திறந்ததிலிருந்து மூடும்வரை உள்ளே வரும் கமா பிரிப்பான் அல்ல. 2005 அக்டோபரில் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் இந்த வழக்கத்தை எழுதி வைத்தார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்ததுதான். மேற்கோள் குறியே விவரத்துக்குள் வர வேண்டுமானால் அதை இரண்டு முறை போட வேண்டும் என்பதும் அதில் உண்டு. எக்செல்லில் தட்டி சிஎஸ்வியாகச் சேமித்தால் அதுவே மேற்கோளைப் போட்டுக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் கையால் தட்டினால் யார் போடுவார்கள்?

மதரஸா பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. சூரத்துல் பகராவின் இரண்டாம் வசனத்திலேயே மும்மூன்று புள்ளியாக இரண்டு இடத்தில் குறி இருக்கும். முஆனக்கா என்று உஸ்தாது சொல்லித் தந்திருப்பார். ஓரிடத்தில் நிறுத்தினால் அடுத்த இடத்தில் நிறுத்தக் கூடாது. இரண்டு குறியையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியும். உவமை முழுதும் பொருந்தாது, ஆனாலும் ஜோடிக் குறி வாசிப்பை மாற்றுகிறது என்ற விஷயம் ஒன்றுதான்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. "இனி முகவரியில் யாரும் கமா போடக் கூடாது என்று சொல்லிவிடுவோம்" என்றார் ஒருவர். கமாவுக்குப் பதில் டேப் குறியை வைக்கலாம் என்றார்கள் தம்பிமார்கள். டேப் நல்ல யோசனைதான், முகவரியில் யாரும் டேப் தட்டுவதில்லை; ஆனால் கைப்பேசி விசைப்பலகையில் டேப் எங்கே இருக்கிறது? கமாவைத் தடை செய்யும் யோசனை எங்களுக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் தடுமாறுகிறது என்பதற்காக ஒழுங்காக எழுதுகிறவரை ஒழுங்கில்லாமல் எழுதச் சொல்வதா? அதைவிட, வங்கிக்குப் போகும் கோப்பில் முகவரியே வேண்டியதில்லை என்று கண்டுகொண்டோம். பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை போதும். முகவரி நம் அலுவலகப் பதிவோடு நிற்கட்டும். ஏழைகளின் விவரம் தேவையில்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பதும் நல்லதுதான்.

பிரிப்பான் எப்போதும் கமாவாகவே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பிரான்சில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பினார்கள். இங்கே திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் விழுந்தது. பிரான்சில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா வைப்பார்கள். நூற்றைம்பதரை யூரோவை 150,50 என்று எழுதுவார்கள். கமா அங்கே மாட்டிக்கொண்டதால் விவரங்களைப் பிரிக்க அரைப்புள்ளி. அதை நம் கணினி வழக்கப்படி படித்தால் 150,50 என்பது 15,050 ஆகிவிடும் ஆபத்து உண்டு. நாமே 3,500 என்று கமா போட்டுத் தொகை எழுதினாலும் இதே வம்புதான்: 3 ஒரு பத்தியில், 500 அடுத்த பத்தியில். மூன்று ரூபாய் ஸகாத் அனுப்பிய அறக்கட்டளை என்ற பெயர் நமக்கு வேண்டாம். கோப்புக்குள் தொகையை 3500 என்று மட்டும் எழுதுங்கள்.

இதைவிட ஆபத்தானது கணக்கு எண். பொறுமையாகக் கேளுங்கள்.

சிஎஸ்வி கோப்பின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் எக்செல் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். இலக்கமாகத் தெரிவதையெல்லாம் கூட்டல் கழித்தலுக்கான எண் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு முன்னே பூஜ்யம் எதற்கு என்று முன் பூஜ்யங்களை உதிர்த்துவிடும். சில வங்கிகளின் கணக்கு எண் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. நீண்ட எண்ணாக இருந்தால் 9.12346E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் ஏறிவிடும், மூல எண் போய்விடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகளும் உண்டு. அங்கே கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். இதில் மேற்கோள் குறி போட்டாலும் பயனில்லை. மேற்கோள் எங்கே பிரிப்பது என்று சொல்லுமே தவிர, இது எழுத்தா எண்ணா என்று சொல்லாது.

கணக்கு எண் என்பது எண் அல்ல, அது ஒரு பெயர். அதை யாரும் கூட்டப்போவதில்லை. எனவே கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வகை என்று சொல்லிவிட வேண்டும். எக்செல்லில் நேராகத் திறக்காமல் தரவு பட்டியிலிருந்து உரைக் கோப்பை இறக்குமதி செய்யும் வழியில் போய், வகையைத் தானாகக் கண்டுபிடிக்காதே என்று தேர்வு செய்ய வேண்டும். லிப்ரெ ஆபிஸ் இலவசம். அது ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியைக் காட்டி, பிரிப்பான் எது, மேற்கோள் எது, எந்தப் பத்தி எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும். கேட்கிற மென்பொருள்மேல் எங்களுக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. எக்செல்லின் புதிய பதிப்புகளில் 2023 முதல் இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைத்துவைக்கவும் வசதி வந்திருக்கிறது. விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர் இருந்தது; எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நம் கணக்கு எண்ணை அப்படி மாற்ற முடியாது.

ஓர் இலக்கம் தவறினால் என்ன, பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்திவிடாதா என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். 2010 அக்டோபர் 14 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம். சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு. அப்படி ஓர் எண்ணே இல்லாவிட்டால் பணம் திரும்பி வரும். அந்த எண்ணில் வேறொருவர் இருந்தால் அவருக்குப் போகும். பிறகு 2024 டிசம்பர் 30-இல் ரிசர்வ் வங்கி இன்னொன்று சொன்னது: என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் வழியே அனுப்பும் முன் பயனாளியின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும். நம் ரமளான் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த முறை புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு கணக்கையும் பெயர் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுவோம். அதனால்தான் பாஸ்புக்கில் உள்ளபடி பெயர் கேட்கிறோம். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று நமக்கே தெரியும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, ரேஷன் அட்டைப் பெயர் வேறு, பாஸ்புக் பெயர் வேறு. எங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஊரிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் பெயர்கள் இருந்த இடத்தில் புரியாத குறிகள். இன்னொன்றில் ஆங்கில எழுத்துகளின் குப்பை. முதல் கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சரியாகவே சேமித்தது. நம் பக்கம் அதை வேறு குறிமுறையில் படித்துவிட்டோம். இரண்டாவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது தமிழே அல்ல. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனால் பழகிய விரல் மாற மறுக்கிறது.

இதைப் பெரியவர்களுக்கு விளக்க அரபுத் தமிழைவிட நல்ல உதாரணம் இல்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் பத்ஹுத் தய்யானை நம் பாட்டிமார் ஓதினார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ், தமிழ் ஒலிக்காக எழுத்துகளில் கூடுதல் குறிகள். அதை ஓர் அரபு நாட்டவர் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவார், ஒரு சொல்லும் விளங்காது. நூலில் பிழையில்லை, படிப்பவரிடமும் பிழையில்லை. இது அரபுத் தமிழ் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கோப்பைத் திறக்கும்போது குறிமுறை என்று ஒரு கேள்வி வந்தால் யுடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். எக்செல்லில் சேமிக்கும்போதும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையையே தேர்ந்தெடுங்கள்.

கல்வி உதவித்தொகைப் பட்டியல் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பிறந்த தேதியை 03/04/2010 என்று எழுதினால் அது ஏப்ரல் 3 என்று நாம் படிப்போம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி மார்ச் 4 என்று படிக்கும். 25/04/2010 என்றால் 25-ஆம் மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுக்காது. ஒரே பத்தியில் பாதி சரி, பாதி தவறு. வயது வரம்பை ஒட்டி நிற்கும் யத்தீம் பிள்ளைக்கு ஒரு மாதம் பெரிய விஷயம். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள், 2010-04-03 என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது, சாட்சி வேண்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. அது கடனைப் பற்றிய வசனம். ஸகாத் கடன் அல்ல. இருந்தாலும் பிறர் பணத்தை எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஹஜ்ரத் அவர்கள் முன்னால் இருக்கிறார்கள், தவறிருந்தால் திருத்துவார்கள்.

சாட்சி என்பதை இந்த ஆண்டு நாங்கள் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். நிரலில் பிழையான வரியைத் தவிர்க்கும் அமைப்பை எடுத்தாகிவிட்டது. ஒரு வரி பிசகினாலும் நிற்கும், எந்த வரி என்று காட்டும், அதைச் சரிசெய்யாமல் மேலே போகாது. இஷா தவறினால் தராவீஹுக்குப் பிறகு உட்காருவோம். தொண்டர்கள் தந்த காகிதத்தில் எத்தனை குடும்பம், கோப்பில் எத்தனை வரி, வங்கி ஏற்றுக்கொண்டது எத்தனை, இந்த மூன்றையும் கோப்பு தயாரித்தவர் அல்லாத இருவர் தனித்தனியே எண்ணிக் கையெழுத்திடுவார்கள். மொத்தத் தொகையும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாள் பத்து குடும்பத்துக்கு மட்டும் அனுப்பி, சேர்ந்ததா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

பட்டியலைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிட்டால் விடுபட்டவர்கள் தாமே சொல்லிவிடுவார்களே என்று ஒரு பெரியவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வரிசையில் நிறுத்த வேண்டாம் என்று வங்கிக்குப் போனவர்கள், பெயரை எழுதிச் சுவரில் ஒட்டினால் என்ன மிச்சம்? அதற்குப் பதில், பட்டியலில் சேர்ந்த அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு தருகிறோம். அதில் வரிசை எண்ணும், இருபத்தைந்தாம் நோன்புக்குள் பணம் வர வேண்டும் என்ற வார்த்தையும் இருக்கும். வராவிட்டால் சீட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு தவறிய அழைப்பு கொடுங்கள், பேசக்கூட வேண்டாம். நாங்கள் கூப்பிடுகிறோம். தாய்மார்களே, இது யாசகம் அல்ல. எங்கள் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறீர்கள். சென்ற ஆண்டு அந்த 11 வீட்டில் ஒருவர் முதல் வாரமே கேட்டிருந்தால் பதினொரு பேரும் பெருநாளுக்கு முன் பெற்றிருப்பார்கள்.

படிவங்கள் பின்பக்க மேசையில் இருக்கின்றன. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் இன்றே காட்டலாம். எண்ணை ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதுவார், பிறகு எழுதியவர் திருப்பி வாசிப்பார். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம், ஆங்கில ஓ எழுத்து அல்ல. எழுதும் தம்பிமார்கள் கவனிக்கவும். தாய்மார்கள் பக்கத்தில் அந்த ஆசிரியைச் சகோதரியே இந்த ஆண்டும் உட்காருகிறார். முகவரியை அவர் விருப்பம்போல் கமா போட்டு எழுதுவார். நிரல் இப்போது அதைப் படிக்கும்.